கண்ணபுரம் மாட்டுத்தாவணி: கையில் காசு இல்லாத வருஷத்தில் காளைக்கு என்ன ஆகும்?

திருப்பூர் மாவட்டம், வெள்ளகோவில் வட்டாரத்தில் ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கண்ணபுரம். சித்திரை மாதம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி இங்கே மாட்டுத்தாவணி கூடும். காங்கேயம் மாடுகளை மொத்தமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதன்முறை போகிறவர்கள் நிறத்தைத்தான் கவனிப்பார்கள். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று, ஆறு மாதம் ஆவதற்குள் நிறம் மாறத் தொடங்கிவிடும். வாங்க வந்தவர்கள் பார்ப்பது வேறு. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். உடம்பில் சுழி எங்கே விழுந்திருக்கிறது, திமில் சாயாமல் நிற்கிறதா, இரண்டு கொம்பும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

விலை பேசுவது துண்டுக்கு அடியில். தரகர் விரலைப் பிடிப்பார், மாட்டுக்காரர் தலையாட்டுவார் அல்லது கையை உதறுவார். பக்கத்தில் நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது.

யார் வாங்குகிறார்கள்?

ஒரு காலத்தில் உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் காளை வேண்டியிருந்தது. டிராக்டரும் மோட்டாரும் வந்தபிறகு அந்தத் தேவை போய்விட்டது. இன்று நல்ல காளையைத் தேடுவது ரேக்ளா ஓட்டுபவர்கள், இனவிருத்திக்குப் பூச்சிக்காளை வைத்திருப்பவர்கள், வாசலில் ஒரு காளை நின்றால் பெருமை என்று நினைப்பவர்கள். இவர்களில் பலருக்குப் பணம் வருவது வயலில் இருந்து அல்ல; பனியன் கம்பெனி, அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் வியாபாரம் போன்ற தொழில்களில் இருந்து.

அதனால்தான் தொழில் படுத்தால் தாவணியும் படுக்கிறது. சம்பளத்தையும் வட்டியையும் தள்ளிப்போட முடியாது. காளை வாங்குவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, ரொக்கத்திலேயே நடக்கும் மாட்டு வியாபாரத்துக்கு அது நேரடி அடி. 2020 சித்திரையில் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால், அந்தப் பணத்தை நம்பி நிற்கும் காளைக்கும் ஆள் குறையும்.

விலை இறங்காது, வியாபாரம் முடியாது

நல்ல காளை வைத்திருப்பவர் சொன்ன விலையைச் சட்டென்று இறக்கமாட்டார். அது அவருடைய கௌரவம். துண்டுக்கு அடியில் பேச்சு நீளும், கை விலகும், காளை வந்த வண்டியிலேயே ஏறி வீட்டுக்குத் திரும்பும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு எல்லாமே காசு. மழை பொய்த்துக் கொறங்காடு காய்ந்தால் தீவனம் முழுக்க விலைக்கு வாங்க வேண்டும். வேலை செய்யாத, பால் தராத காளைக்கு எத்தனை மாதம் போட முடியும்? தாக்குப்பிடிக்க முடியாதவர் வாரச்சந்தைக்கு ஓட்டிப்போவார். அங்கே சுழியையும் கொம்பையும் யாரும் கேட்பதில்லை. எடைதான் கணக்கு. அடிமாடாகப் போய்விடும்.

ஒரு பூச்சிக்காளை அப்படிப் போனால், அது கொடுத்திருக்கக்கூடிய கன்றுகளும் சேர்ந்தே போகின்றன. தொழில் பிறகு நிமிர்ந்துவிடலாம். அந்த வம்சத்தை எங்கே போய்த் தேடுவது?

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேர்த் தேதியைக் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். காளையைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள். செல்ஃபி எடுத்த கையோடு கிளம்பிவிடாமல், வண்டிகள் புறப்படும் நேரம்வரை இருங்கள். எத்தனை காளை விற்காமல் திரும்பி ஏறுகிறது என்று பாருங்கள். அந்த வருஷத்து நிலவரம் அங்கேயே தெரிந்துவிடும்.