ஆயாவைக் குளிப்பாட்டாத நாள்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் எங்க ஆயா செத்துப்போச்சு. நாலு நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிசோதனைகூட எடுக்கவில்லை. விடியக்காலையில் திண்ணையிலேயே மூச்சு நின்னுபோச்சு.

எங்க சேரியில் எந்தப் பொம்பளை செத்தாலும் குளிப்பாட்டி, கோடி உடுத்தி, ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பது ஆயாதான். அந்த ஆயாவைத்தான் குளிப்பாட்டக்கூடாது என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

கிராம நர்சுக்குப் போன் போட்டேன். "டெஸ்ட் எடுக்கலன்னாலும் கொரோனான்னே நெனச்சுக்கம்மா" என்றார். குளிப்பாட்டாதீங்க, கட்டிப்பிடிச்சு அழாதீங்க, இருபது பேருக்குமேல சேராதீங்க, இன்னைக்கே அடக்கம் பண்ணிடுங்க. பாட்டு, ஒப்பாரி, கும்பிடு எல்லாம் தள்ளி நின்னு செய்யலாம். அவர் சொன்னதைப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரான்தான் நம்மளத் தொடமாட்டான். இப்ப பெத்தவளத் தொடாதன்னு நீயும் சொல்றியா? இதுக்குத்தான் எம்மே படிச்சியா?"

எனக்குப் பதில் வரவில்லை.

முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு நானும் சித்தியும் மட்டும் ஆயாவைத் தொட்டோம். வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் மூடி, தார்பாயில் சுற்றிக் கட்டி, அதன்மேல் கோடியைப் போட்டோம். வாய்க்கரிசியைத் துணிமேலேயே போட்டார்கள். பறை தெருமுனையில் நின்றே அடித்தது. ஒரு லிட்டர் தண்ணிக்கு முப்பது கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் திண்ணையைக் கழுவினோம்.

குழி வெட்டுகிற மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எனக்கும் அந்தக் கையுறை ஒண்ணு கெடைக்குமா பாப்பா? ஊர்ச் சாவுக்கும் நாந்தான் போறேன். ஒருத்தனும் எதும் குடுக்கல." நோய்க்குப் பயந்து சொந்தப் பிள்ளைகளே ஒதுங்கி நின்ற பிணங்களை வெறுங்கையால் இறக்கியவர் அவர். ஊரைக் காப்பாற்ற விதி எழுதினார்கள்; அந்தக் கைக்குக் கையுறை வந்து சேரவில்லை.

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. கண்ணியமான அடக்கமும் அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தருகிற உரிமையில் சேர்ந்ததுதான் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. நாடே அதிர்ந்தது. எங்களுக்கு அது பழைய சேதி. அதற்கு முந்தின வருஷம்தான், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கத்தில் நிலத்து வழியாகப் போக விடாததால், ஒரு தலித்தின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அங்கே எந்தக் கிருமியும் இல்லை.

பெரியப்பாவுக்கான பதில் பதினாறாம் நாள்தான் எனக்குக் கிடைத்தது. அன்றைக்கு இருபது பேருக்குள்ளேதான் கூடினோம். எங்களுக்குக் காய்ச்சல் வரவில்லை. மாமாவுக்கும் வரவில்லை. சித்தியின் மடியில் பெரியப்பாவின் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. "பெரிப்பா, ஊரான் நம்மளக் கேவலப்படுத்தத் தொடமாட்டான். நாம ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தத்தான் தொடல. அதுவும் கொஞ்ச நாளைக்கு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

'சமூக இடைவெளி' என்று அப்போது ஊரெல்லாம் எழுதி ஒட்டினார்கள். அது எங்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வார்த்தை. அடுத்த நோய் வந்தால் வேறு வார்த்தை எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் குழி வெட்டுகிறவருக்குக் கையுறை கொடுங்கள்.