கிளையோடு கிளை முட்ட…

கனடாவிலிருந்து வந்த தங்கச்சி, "அக்கா, ரெண்டு நாள் எங்கையாவது ஆறுதலா இருந்திட்டு வருவம்" என்று என்னைச் சிகிரியாவுக்குக் கூட்டிப்போனாள். கிளிநொச்சியிலிருந்து ஏ9 பாதையில் தம்புள்ளை வரை போய், பிறகு இனாமலுவைச் சந்தியில் திரும்ப வேண்டும். 'வில் உயன' என்ற உல்லாச விடுதியில் தங்கினோம்.

வயலோரம், குளக்கரை, காட்டோரம் என்று தனித்தனி வீடுகள். கூரைகள் புல்லால் வேய்ந்தவை. முகாமில் தறப்பாளுக்குக் கீழே வெக்கையில் கிடந்தபோது இப்படியொரு கூரைக்குத்தான் ஏங்கினேன். இங்கே ஓர் இரவு வாடகை எங்கள் வீட்டின் பல மாதச் செலவு. அந்த மெத்தையில் எனக்கு நித்திரையே வரவில்லை.

காலையில் அங்கு வேலை செய்யும் ஒருவர் இடத்தைச் சுற்றிக் காட்டினார். சிங்களத்தில் சொன்னதைத் தங்கச்சி எனக்குச் சொன்னாள். முன்பு இது கைவிடப்பட்ட பயிர் நிலமாம். குளங்கள் வெட்டி, நாணல் வளர்த்து, 2006இல் விடுதியைத் திறந்தார்களாம். தண்ணீர் வந்ததும் பறவைகள் வந்தன, முதலையும் வந்தது. 2010இல் ஓரத்துப் பற்றைக்காட்டில் தேவாங்குகளைக் கண்டார்கள். அந்தத் துண்டில் கட்டடம் எழுப்பாமல் அவற்றுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள்.

'கைவிடப்பட்ட நிலம்' என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. 2008இல் நாங்கள் விட்டு ஓடிய வயல், 2011இல் திரும்பிப் போனபோது ஆள் உயரப் பற்றையாகக் கிடந்தது. பின்பக்கம் இன்றும் அப்படியேதான்.

இரவில் சிவப்பு வெளிச்சம் பிடித்துக்கொண்டு போனோம். வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்கு ஆகாதாம். ஒரு சாண் உடம்பு, வாலே இல்லை. இரண்டு பெரிய கண்கள் மட்டும் தணல் போல மினுங்கின. அந்தக் கண்களை மருந்துக்கும் வசியத்துக்கும் எடுக்கவென்றே அதைக் கொன்றவர்கள் உண்டு. அது குரங்கு போலப் பாயாது. ஒரு கிளையைப் பிடித்தபடி அடுத்த கிளைக்கு மெல்ல மெல்லப் போகும். இடையில் மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும். ஊரைவிட்டு நடந்தவர்களுக்குப் பாதை அறுவது என்னவென்று தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது, பின்பக்கம் முழுவதையும் வழிக்க டோசருக்குச் சொல்லி வைத்திருந்தான் தம்பி. "குளத்துப் பக்கத்து மரங்களை விடு" என்றேன்.

"எங்களுக்கே காணி காணாது. மிருகத்துக்கும் பங்கோ அக்கா?" என்று முறைத்தான்.

அவன் கேட்டதும் நியாயம்தான். அதனால் நெல்லுக்கு வேண்டியதை வழித்தோம், குளக்கரையில் ஒரு வரிசையை விட்டோம். அங்கே தேவாங்கு இருக்கிறதோ இல்லையோ, இரவில் கிளைகள் அசையும்போது எட்டிப் பார்க்கிறேன்.

சகோதரிகளே, வாடகை கொடுத்து அங்கே தங்க எங்களில் அனேகரால் முடியாது. ஆனால் காணி துப்புரவாக்கும்போது, வேலிக்கரையில் ஒரு வரிசை மரத்தையாவது கிளையோடு கிளை முட்ட விட்டுவைக்கலாம். அதற்குக் காசு தேவையில்லை.