விழிக்க மறுத்த கணிப்பொறி

எங்கள் வட்டாரத்தில் பொழுது விடிந்ததைக் கம்பெனி பஸ்களின் ஒலி அறிவிக்கும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை வந்தது, 2014-இல் மூடப்பட்டது. 2007-இல் டெல் கணிப்பொறித் தொழிற்சாலை, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே ஆலைகள் எழுந்தன. கணிப்பொறிகளைப் பூட்டி அனுப்பும் ஊர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் வீட்டில் இருக்கும் கணிப்பொறி படுத்துவிட்டால் எங்கே கோளாறு என்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? பொருளியல் பயிலும் என்முன் அந்தக் கேள்வி சென்ற ஆண்டு வந்து நின்றது.

என் அக்கா ஓர் உதிரிபாக ஆலையில் ஆறு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளி. செய்த வேலை ஒன்றே. நின்ற இடமும் ஒன்றே. ஒப்பந்தக்காரர் மட்டும் இருமுறை மாறினார். வேலையை விட்டபின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தால், பதினொரு மாதங்களுக்குரிய பிடித்தம் வரவில்லை. தொழிலாளியின் பங்காக ஊதியத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கப்படுவதை அறிவீர்கள். பிடித்தது உண்மை என்று காட்ட ஊதியச் சீட்டு வேண்டும். காகிதச் சீட்டுகள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் புகுந்தபோது கூழாகிவிட்டன. எஞ்சியவை, அவற்றை அக்கா அவ்வப்போது படமெடுத்துப் பழைய கணிப்பொறியில் சேர்த்து வைத்த படங்களே. அந்தக் கணிப்பொறியோ விண்டோஸ் தொடங்கும்போதே நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டது.

பழுது பார்க்கும் கடையில், "பார்மட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடுமே! வீட்டுக்குத் திரும்பினோம்.

நம் கல்லூரிக் கணிப்பொறி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் வேறு வழி காட்டினார். 'லைவ்' தட்டு என்று ஒன்று உண்டு. முழு இயங்குதளமும் அந்தத் தட்டிலேயே இருக்கும். அதிலிருந்து கணிப்பொறி எழுந்து, நினைவகத்தை மட்டும் கடன் வாங்கி இயங்கும். நாமாகக் கட்டளையிட்டால் அன்றி வன்தட்டில் எதையும் எழுதாது. இயங்குதளம் படுத்துவிட்ட கணிப்பொறியிலிருந்தும் கோப்புகளை மீட்கலாம். ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையைப் பரவலாக்கியது. நான் தேர்ந்தது டெபியன் லினக்ஸின் லைவ் பதிப்பு. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நம் நாட்டு பாஸ் லினக்ஸுக்கும் டெபியனே அடிப்படை.

பென் டிரைவ் இருக்கத் தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தப் பழைய பெட்டியில் ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் வேலை செய்தது. மீட்கும் கோப்புகளை ஏற்றிக்கொள்ள அது வேண்டும்.

ஏறத்தாழ மூன்று ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, டிவிடி எழுதித் தரும் கடையில் கொடுத்தேன். வந்த தட்டை வீட்டில் போட்டால் மீண்டும் அதே நீலத் திரை. சலித்துப்போய் உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா, "ஏன்டா தம்பி, எங்க லைன்ல ஒரு பீஸ் நின்னுபோச்சுன்னா, பீஸ் கெட்டதா, டெஸ்ட் பண்ற மிஷின் கெட்டதான்னு முதல்ல பிரிப்போம். தட்டை நல்லா ஓடுற மிஷின்ல போட்டுப் பாரு" என்றாள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் சொன்ன அந்த ஒரு வாக்கியமே எனக்குப் பாடத்திட்டம் ஆயிற்று.

பேராசிரியரின் அனுமதியோடு கல்லூரி ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கும் எழவில்லை. ஆகவே தட்டில்தான் குறை. திறந்து பார்த்தால் உள்ளே ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பு. கடைக்காரர் அதைச் சாதாரணக் கோப்பைப் போலப் பதிந்திருந்தார். 'இமேஜ்' முறையில் விரித்து எழுதியிருந்தால் பல கோப்புறைகள் தெரியவேண்டும்.

இங்கே சிறு விளக்கம் தேவை. தட்டிலிருந்து கணிப்பொறி எழுவதற்கான விதியை பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995-இல் வகுத்தன. 'எல் டொரிட்டோ' என்பது அதன் பெயர். தட்டு 2048 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். 17 என்ற எண்ணுள்ள பகுதியில், எழுப்பும் நிரல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு இருக்கவேண்டும். ஐஎஸ்ஓவை வெறும் கோப்பாகப் பதிந்தால் அந்தக் குறிப்பு கோப்பின் வயிற்றுக்குள் புதைந்துவிடும். முகவரியைக் கடிதத்துக்குள் எழுதி, வெற்று உறையை அஞ்சல் பெட்டியில் இட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

இரண்டாம் தட்டு முறையாக விரித்து எழுதப்பட்டது. ஆய்வகத்தில் பட்டியலும் தோன்றியது. பாதியில், படிக்க முடியவில்லை என்ற பிழைச் செய்திகள் வரிசையாக ஓடி நின்றது. இறக்கிய கோப்பே பழுதா, எழுதியதில் பழுதா? இதைப் பிரிக்கவும் வழி உண்டு. கோப்போடு வெளியிடப்படும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண் 64 எழுத்துகள் கொண்டது; கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அது வேறாகிவிடும். என் கோப்புக்குக் கணக்கிட்டேன். 64 எழுத்தும் பொருந்தின. கோப்பு நல்லது, எழுதியதில்தான் பழுது. மூன்றாம் தட்டை வேறொரு கடையில் குறைந்த வேகத்தில் எழுதி, எழுதியதைச் சரிபார்க்கவும் செய்தோம். ஆய்வகத்தில் அது முழுமையாக எழுந்தது!

வீட்டில் போட்டேன். நீலத் திரை! இம்முறை மனம் கலங்கவில்லை. தட்டு நல்லதென்று தெரிந்துவிட்டது. இனித் தேடவேண்டியது பெட்டியில் மட்டுமே. பயாஸ் அமைப்பில் முதலில் டிவிடி, பிறகு வன்தட்டு என்று வரிசையை மாற்றிச் சேமித்தேன். தட்டு சுழன்றது, எழுத்துகள் தோன்றின. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. மின்சாரம் வந்ததும் பார்த்தால் பழைய வரிசையே. தேதியோ 2009 சனவரி 1. வரிசையும் தேதியும் சேர்ந்தே மறக்கின்றன என்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? தாய்ப்பலகையில் உள்ள மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. நாற்பது ரூபாயில் புதிது வந்தது.

அன்றிரவு லைவ் தட்டு எங்கள் வீட்டிலும் எழுந்தது. வன்தட்டை வாசிக்க மட்டும் திறந்து கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றினேன். தேவைப்பட்ட பதினொரு சீட்டுகளில் ஒன்பது கிடைத்தன. இரண்டு திறக்கவில்லை; வன்தட்டே அவ்விடத்தில் காயம்பட்டிருந்தது. ஒன்பது மாதச் சான்றுகளை இணைத்து அக்கா விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

இந்தப் பத்து நாள் அலைச்சலில் நான் எண்ணிப் பார்த்தது இதுதான். 'பார்மட்' செய்வது எளிது. குறையும் போகும், இருந்ததும் போகும். எங்கள் பகுதியில் மனிதர்களுக்கும் அதுவே நடக்கிறது. ஒப்பந்தம் கைமாறியபோதெல்லாம் அக்கா அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவள்போல ஏடு புதிதாகத் திறக்கப்பட்டது. பழைய மாதங்கள் எங்கோ விடுபட்டன. லைவ் தட்டின் பண்பு வேறு. உள்ளதை அழிக்காமல் அருகிருந்து பார்க்கிறது. எடுக்க முடிந்ததை எடுத்துத் தருகிறது.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ இந்த ஆலைகளில் சோதனை மேசை முன் நிற்கிறார்கள். நல்லதையும் கெட்டதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறையின் இருப்பிடத்தை நெருங்கும் கலை அவர்கள் கையில் இருக்கிறது. நம் வகுப்பறைகளில் தருக்கம் என்று நாம் படிப்பதும் அதைத்தான். அவர்களிடம் கேட்டுக் கற்போம். அவர்களுடைய ஊதியச் சீட்டுகளை இன்றே இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி வைப்போம்.