ஸ்டெல்வியோவின் 48 வளைவுகள்

செங்குத்தான மலைச்சரிவில் வீதி அமைப்போர், பக்கவாட்டிற் சிறிது ஏறி, திரும்பி, மீண்டும் ஏறியே உச்சியை அடைதல் வேண்டும். இதற்கு இத்தாலியின் வடபால், அல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள ஸ்டெல்வியோக் கணவாய் வீதி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். லொம்பார்டிப் பகுதியை அந்நாளில் ஆண்ட ஒஸ்திரியப் பேரரசு, அதனைத் தன் ஏனைய நிலங்களுடன் இணைக்கும்பொருட்டு 1820 முதல் 1825 வரை இவ்வீதியை அமைத்தது. கார்லோ டொனெகானி என்னும் பொறியியலாளரே இதனை வகுத்தவர். குதிரை வண்டிகளுக்காக அவர் வகுத்த வளைவுகளிலேதான் இன்று உலகின் அதிவேகக் கார்களும் திரும்பவேண்டியுள்ளன.

பிராட்டோ என்னும் ஊரிலிருந்து புறப்படுவோர் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்து, 2,757 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயை அடைவர். இடையே 48 கொண்டையூசி வளைவுகள் உள. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 3,905 மீற்றர் உயர்ந்த ஓர்ட்லர் சிகரம் பனிமுடி தரித்து அருகே நிற்கும் காட்சி கண்ணைக் கவருவது. மாரியிற் பனி மூடுவதால் வீதியும் மூடப்படும்.

2007 ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சியின் டொப் கியர் நிகழ்ச்சியினர் மூன்று கார்களை இங்கு கொணர்ந்து ஓட்டிப் பார்த்தனர். மூன்றும் மூவகைப்பட்டவை. அஸ்டன் மார்ட்டின் வி8 வான்ரேஜின் இயந்திரம் முன்னே உள்ளது. வலு ஏறத்தாழ 380 பரிவலு. போர்ஷே 911 ஜிரி3 ஆர்எஸ்ஸின் இயந்திரம் பின்சில்லுகளுக்கும் பின்னால் உள்ளது; வலு ஏறத்தாழ 410. லம்போர்கினி கல்லார்டோ சுப்பர்லெஜ்ஜேராவில் அது சாரதியின் முதுகுக்குப் பின்னால், வண்டியின் நடுப்பகுதியில் உள்ளது. ஏறத்தாழ 520 பரிவலுவை அது நான்கு சில்லுகளுக்கும் பகிர்ந்தளிக்கும்.

வலு மிகுந்தது விரைந்து திரும்பும் என்று எண்ணலாம். ஆனால் வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வே. 10 மீற்றர் ஆரையுடைய வளைவொன்றைக் கொள்வோம். உராய்வு விசை வண்டியின் நிறைக்குச் சமனாயின், அங்கு செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர் அளவே. மழையில் உராய்வு பாதியாயின் அது 25 ஆகக் குறையும். இக்கணக்கில் பரிவலுவுக்கு இடமே இல்லை என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர்.

இயந்திரம் அமைந்த இடம் வேறுவகையிற் பயன் காட்டுகின்றது. பின்பாரம் மிகுந்த போர்ஷே, வளைவை விட்டு மேலேறும்போது வீதியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் வளைவின் நடுவிற் சாரதி அஞ்சி வேகமிதியிலிருந்து காலைத் திடீரென எடுப்பாராயின், பாரம் முன்னே சாய, வால் வெளியே வீசப்படும். நடுவில் இயந்திரம் உள்ள வண்டி சட்டெனத் திரும்பும். சறுக்கினாலும் சட்டெனவே சறுக்கும். முன்னியந்திர வண்டி சற்று ஆறுதலாகத் திரும்பினும், தன் நிலையைச் சாரதிக்கு முன்கூட்டியே உணர்த்தும்.

ஆகவே, இங்கு வல்ல சாரதியின் அடையாளம் அவர் வளைவுக்கு முன்னரே செய்து முடிக்கும் செயல்களில் உள்ளது. நேர்வழியிலேயே வேகத்தைத் தணித்து, கியரைக் குறைத்து, வளைவின் முடிவை நோக்கிக் கண்ணைச் செலுத்தி, அமைதியாகத் திருப்புவார். வேகம் இருமடங்காயின் நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அவர் மறவார். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது மிதித்துச் சூடேற்றாமல், தாழ்ந்த கியரில் இயந்திரத்தைக்கொண்டே வண்டியை அடக்குவார்.

இவ்வீதி கார்களுக்கு மட்டும் உரியதன்று. 1953 இல் இத்தாலியச் சுற்றுச் சைக்கிளோட்டம் முதன்முறையாக இக்கணவாயைக் கடந்தது. ஃபௌஸ்ரோ கொப்பி இங்கு பெற்ற முன்னணியே அவருக்கு வெற்றியைத் தந்தது. அன்றுதொட்டுச் சைக்கிளோட்டிகள் பலர் இம்மலையைத் தேடி வருகின்றனர். வளைவுக்கு அப்பால் வியர்வை சொட்ட ஏறிவரும் ஒருவர் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அம்மனிதருக்கும் இடம்விட்டு ஓட்டுபவரே சிறந்த சாரதி. அந்த அறிவை எந்தத் தொழிற்சாலையும் காருடன் சேர்த்து விற்பதில்லை.