ஐந்நூறு தோல்வி கண்ட அணி

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது காலினும் கையையே மிகுதியும் நம்பும் ஓர் ஆட்டமாகும். பல்கலைக்கழகங்களிடையே நிகழும் அவ்வாட்டத்தில் ஆற்றல்மிக்க இளைஞர் புகழ்பெற்ற சில அணிகளையே நாடிச் செல்வர். வென்ற அணிக்கே மேலும் வல்லார் வந்து சேர்வர். எஞ்சியோரைக் கொண்டு களமிறங்கும் அணி யாது செய்யலாம் என்னும் வினாவுக்குக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வரலாறு விடையொன்றைத் தருகின்றது.

அப்பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் மன்ஹற்றன். நியூயோர்க் நகரை நினைத்தல் வேண்டா. இது புல்வெளிகளிடையே அமைந்த சிறு நகரம். முதற்பிரிவு அணிகளுள் ஐந்நூறு தோல்விகளை முதன்முதலில் எட்டிய பெருமை இவ்வணிக்கே உரியது. 1988 இன் இறுதியில், அயோவா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்றுநராயிருந்த பில் ஸ்னைடர் பொறுப்பேற்றபோது, தொடர்ந்து 27 ஆட்டங்களில் அணி வென்றிருக்கவில்லை. 1989 செப்ரெம்பரில் வட ரெக்சாஸ் அணியை 20-17 என இறுதிக் கணத்தில் வென்றதே அவருடைய முதல் வெற்றி. அவ்வாண்டு முழுவதிலும் கிட்டிய வெற்றியும் அது ஒன்றே.

பெரிய அணிகள் விரும்பிய மாணவர் தம்மிடம் வாரார் என்பதை ஸ்னைடர் உணர்ந்திருந்தார். ஆதலின் ஈராண்டுக் கல்லூரிகளில் ஆடி, உடலும் அனுபவமும் முதிர்ந்த இளைஞரைத் தேடிக் கொணர்ந்தார். 1997 இல் ரெக்சாஸிலுள்ள அத்தகைய கல்லூரியொன்றிலிருந்து வந்த மைக்கல் பிஷப் அவர்களுள் தலையாயவர்.

ஆயினும் ஆட்டக்களத்தில் அவர் போட்ட கணக்கே நுணுகி நோக்கத்தக்கது. இரு பக்கத்தும் 11 பேர் என்பது ஏட்டுக் கணக்கு மாத்திரமே. பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பக், அதனை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால், ஓடுபவனுக்கு வழியமைக்க எஞ்சுவோர் 9 பேரே. எதிரே மறிப்பவரோ 11 பேர். குவாட்டர்பக்கே பந்துடன் ஓடுவானாயின் வழியமைப்போர் 10 பேராவர். ஆற்றலில் குறைந்த அணிக்கு, புலமைப்பரிசில் எதுவுமின்றி ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தது போன்றதே இது. அந்த ஓடுபவன் அடிபட்டு வீழ்ந்தால் அணியின் மூளையே வீழ்ந்துவிடும் என்ற அச்சம் பிற பயிற்றுநரைத் தடுத்தது. இழப்பதற்கு அதிகமில்லாதவனே அவ்வச்சத்தைத் துறக்க வல்லவன் போலும். பிஷப்புக்குப் பின் 2012 இல் கொலின் கிளைன் ஆடிய காலத்தும் இக்கணக்கே தொடர்ந்தது. அக்காலத்து அணி ஆறுதலாக, நேரத்தைக் கரைத்தே ஆடியது. ஆடும் முறைகளின் எண்ணிக்கை குறையக் குறைய, வல்லவர் தம் மேன்மையை நிலைநாட்டும் வாய்ப்பும் குறையுமன்றோ?

ஸ்னைடரின் இன்னொரு வழி அத்துணைப் போற்றத்தக்கதன்று எனச் சொல்வோருமுளர். தம் பிரிவுக்கு வெளியே அமையும் ஆட்டங்களுக்கு எளிய அணிகளையே அவர் பெரும்பாலும் தேர்ந்தார். தோற்றுப் பழகியோர் வெல்லப் பழகுதற்கு வேறு வழி அரிது. எனவே தொடக்க ஆண்டுகளில் அதனைக் குறைகூறுவது நியாயமாகாது. ஆனால் அணி வளர்ந்த பின்னரும் வழக்கம் மாறவில்லை. 1998 இல் 29 ஆண்டுத் தொடர் தோல்வியை முறித்து நெப்ராஸ்காவை வென்று, 11 ஆட்டங்களிலும் தோல்வியறியாது நின்ற அணி, பிரிவின் இறுதியாட்டத்தில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் அணியிடம் மேலதிக நேரத்தில் 36-33 எனத் தோற்றது. தரவரிசையில் மூன்றாமிடத்தில் இருந்தும் பெரிய கிண்ண ஆட்டங்கள் எவற்றுக்கும் அதற்கு அழைப்பு வரவில்லை. எளியோரை வென்ற வெற்றிகளுக்கு மதிப்பும் எளிதாகவே கணிக்கப்பட்டது.

பிரிவின் பட்டம் 2003 இல் கைகூடியது. 1934 இற்குப் பின் கிட்டிய முதற்பட்டம் அது. அதுவரை தோல்வி காணாத, முதல்நிலை அணியான ஒக்லஹோமா 35-7 என வீழ்ந்தது. அன்று பந்துடன் 235 யார் ஓடிய டரன் ஸ்புரோல்ஸ் கன்சாஸ் மாநிலத்திலேயே வளர்ந்தவர். உயரம் 5 அடி 6 அங்குலம்.