அடுத்து என்ன வாசிக்கலாம்?

ஆடி சனிக்கிழமைகளில் குச்சனூரில் வேறு கூட்டம் போட முடியாது. சனீஸ்வரரைப் பார்க்க வரும் சனமே தெருவை அடைத்துவிடும். அதனால் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு மாலைக்கு மாறியிருக்கிறது. நாவல்தான் இன்னும் முடிவாகவில்லை.

பெரியவர்கள் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்கிறார்கள். வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை, 2003இன் சாகித்திய அகாதெமி விருது. நம்ம மண்தான். ஆனால் பாதிப்பேர் அதைப் படித்து அழுதும் முடித்தாயிற்று. பேச என்ன மிச்சம்? 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நடவு நேரத்தில் ஆகாது (சும்மா இருக்கிற எனக்கே ஆகாது).

என் ஓட்டு இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்கு. 2018இல் வந்தது, 2020க்கான அகாதெமி விருது பெற்றது. ஆட்டோ ஓட்டுநரைக் காதலித்துக் கட்டிக்கொண்ட பெண் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கிறாள். வெளியே குடும்பம் காத்திருக்கிறது. குற்றம் கட்டியவன் மேலா, பெற்றவர்கள் மேலா? இங்கே வீட்டுக்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அந்தச் சண்டைதான் எனக்கு வேண்டும். எல்லோரும் 'அருமை' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற புத்தகம் எதற்கு?

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. சின்னமனூர்க்காரர்கள் முதலில் வாங்கிக்கொள்ளலாம். அட்டையை மடக்காமல் திருப்பித் தரணும், சொல்லிட்டேன்.