ஆர்ச் கேட்டுக்கு அப்பால்...

"இந்த வயசுல சைக்கிளா? விழுந்து கையைக் காலை உடைச்சுக்கிட்டா யாரு பார்க்கறது?" – இது என் கணவர்.

"அத்தை, நீங்க பண்றதுக்குப் பேரு என்ன தெரியுமா? கிராவல் பைக்கிங்!" – இது சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் அண்ணன் மகன்.

இரண்டு பேரும் பேசியது ஒரே சமாசாரத்தைப் பற்றித்தான். போன தை மாதத்திலிருந்து நான் நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளில் காலை வேளையில் சைக்கிள் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள் சகோதரிகளே, எனக்கு வயது நாற்பத்தெட்டு!

நான் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்து, எழுத்தோடு கூட சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், நர்ஸுகள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். என் அம்மாவும் ஏறினாள். பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்! அப்படிப்பட்ட நான், 1998-ல் கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. இங்கே ரோடெல்லாம் அகலம், இரண்டு பக்கமும் மரம், வீட்டைச் சுற்றித் தோட்டம். வட்டம் வட்டமாகப் பிரித்த ஊர். கடை, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் உள்ளேயே இருக்கும்போது வெளியே போவானேன்? பஸ்ஸில் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே முந்திரித் தோப்பு தெரியும். அவ்வளவுதான் எனக்கும் கிராமத்துக்கும் உள்ள உறவு.

போன பொங்கலுக்கு இவர், "அடுத்த வைகாசியோட ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். இப்பவே சாமானைக் கழிச்சுக் கட்டு" என்றார். வராந்தாவை ஒழித்தபோது, ப்ளஸ் ஒன் படிக்கும்போது மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் தூசியோடு நின்றது. அவள் இப்போது கோயம்புத்தூரில் குடித்தனம் நடத்துகிறாள். பழைய இரும்புக்காரனுக்குப் போடத்தான் வெளியே தள்ளினேன். தள்ளினவள் ஏறிவிட்டேன்!

முதல் ஒரு வாரம் டவுன்ஷிப்புக்குள்ளேயே. பிறகு ஒரு நாள் விடிகாலையில் ஆர்ச் கேட்டைத் தாண்டி, பெரிய ரோட்டைக் குறுக்கே கடந்து, ஒரு வண்டிப் பாதையில் இறங்கினேன். அடேயப்பா! இருபத்தைந்து வருஷம் இது இங்கேதானே இருந்தது?

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கமெல்லாம் மேட்டு நிலம், குங்குமமாய்ச் சிவந்த மண். முந்திரி மரங்கள் குடை விரித்தாற்போல் தாழ்ந்து கிடக்கும். நடுநடுவே பலா. மாசியில் முந்திரிப் பூவின் வாசனை பாதை முழுக்க வரும். பங்குனியில் மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்கும், அடியில் கொட்டையோடு. பழத்தைத் துண்டு போட்டு உப்புத் தூவித் தின்றால் தொண்டை கரகரப்பு குறையும். ஆனால் பச்சைக் கொட்டையைக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் வாயெல்லாம் வெந்துவிடும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்த பிறகு, பாயசத்தில் முந்திரி போடும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

விழுந்ததும் அந்தப் பாதையில்தான். திருப்பத்தில் மணல் கனமாக இருந்தது. பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான், முழங்கால் தேய்ந்தது. தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள்.

"டவுன்ஷிப்பா? அங்க ஓட்டறதுக்கு ரோடு இல்லையாம்மா?"

"ரோடு இருக்கும்மா, மரம்தான் இந்த மாதிரி இல்ல" என்றேன்.

"இது எல்லாம் புது மரம்" என்றார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்தபோது, அவர் மாமனார் வைத்த முந்திரியும் பலாவும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தனவாம். "விறகு வெலைக்குத்தான் போச்சு. மறுபடி கன்னு வெச்சோம். இப்பத்தான் கையில நாலு காசு பார்க்கறோம்." நான் வந்த வழியிலேயே ஒரு சொந்தக்காரர் கிராமம் இருந்ததாம், சுரங்கத்துக்காகக் காலி செய்துகொண்டு போனார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிற்று. 1957-ல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம், மண்ணைத் தோண்டியபடி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நெய்வேலி என்பதே முதலில் ஒரு கிராமத்தின் பெயர்தானே. அந்தச் சுரங்கச் சம்பளத்தில்தான் என் குடும்பம் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்க இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் பழகின பிறகு வடலூர் வரை போனேன். வடக்குத்துப் பக்கம் உள்ளே இறங்கி, செம்மண்ணிலேயே போகலாம். வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வியர்த்து விறுவிறுத்துப் போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால், நம் வீட்டுச் சமையலையே மறந்துவிடலாம்! வடலூரைத் தாண்டிச் சேத்தியாத்தோப்புப் பக்கம் போகப் போக, மண் நிறம் மாறிக் கறுக்கிறது. முந்திரி போய்க் கரும்பும் நெல்லும் வருகின்றன. வழியில் வாலாஜா ஏரி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு இருப்பதால், சுரங்கத்தில் இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் இந்த ஏரிக்கு வந்து வயலுக்குப் பாய்கிறது. இவர் எத்தனையோ முறை 'பம்ப் டியூட்டி' என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?

அண்ணன் மகன் கதைக்கு வருகிறேன். தடித்த டயர், ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் பார் வைத்த சைக்கிளை ஸ்கூட்டர் விலைக்கு வாங்கியிருக்கிறான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரைச் சுற்றி, 2006 முதல் கப்பிப் பாதையிலேயே 200 மைல் பந்தயம் நடக்கிறதாம். நம் ஊரில் லாரியில் கொட்டுகிற செம்மண்ணுக்கே கிராவல் என்றுதானே பேர்! என் பழைய சைக்கிள் போதும் என்றேன். ஆனால் அவன் சொன்ன ஒன்று பலித்தது. மணல் பாதைக்குப் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் வழுக்குவதில்லை. மணலில் திடீரென்று பிரேக் பிடிக்காமல் மெதுவாக மிதிக்க வேண்டும். நானாகக் கற்றதும் உண்டு. புடவையைவிடச் சுடிதார் நல்லது, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். ஸீட்டை உயர்த்தி வைத்தால் முழங்கால் வலிக்காது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில். வேலமுள் குத்தும், ஆகவே பஞ்சர் ஒட்டும் சாமான் அவசியம். வீட்டில் எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். சுரங்க எல்லைக்குள் மட்டும் போகக்கூடாது.

ஆனி மாதம் அந்த அம்மா ஒரு பலாப்பழத்தைக் கேரியரில் கட்டிக்கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. "அடுத்த வருஷம் வா, பெரிசா வெச்சிருக்கேன்" என்றார்கள். நாங்கள் அடுத்த ஆனியில் இங்கே இருக்கமாட்டோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று இவர் லாரியில் ஏற்ற வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட்டார். கட்டில், பீரோ, கிரைண்டர் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் தாமாகவே 'சைக்கிள்' என்று எழுதினார்.

"என்னங்க, இரும்புக்குப் போடலியா?" என்றேன்.

"புதுக்கோட்டையிலயும் செம்மண்ணுதானே?" என்று சொல்லிவிட்டு, பம்பை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பின் டயரில் காற்று இறங்கியிருந்தது.